ஓவர்சியரின் வால்

வேனின் சறுக்குக் கதவை மாமா வழக்கம்போல ஒரே இழுப்பில் சாத்தினார். கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளவில்லை, கடைசி இடத்தில் எதுவோ தடுத்தது. அதோடு ஒரு சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தப் பூனையிடமும் அதுவரை கேட்டதில்லை. மாமா பதறிக் கதவைத் திரும்பத் தள்ளுவதற்குள் எங்கள் பூனை தன்னைத்தானே பிய்த்துக்கொண்டு கீழே விழுந்து, சுவரோரமாக ஓடி, வீட்டின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நுழைந்துவிட்டது. ஓடும்போது வால் தரையில் இழுபட்டுக்கொண்டே போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம். மாமா கதவுப் பிடியை விடாமல் அப்படியே நின்றார். காலையில் போக வேண்டிய இரண்டு வீடுகளுக்கும் அன்று நாங்கள் போகவில்லை.

பூனைக்கு ஓவர்சியர் என்று பெயர் வைத்தவன் நான்தான். அக்காவின் கணவரான மாமா பிளம்பர், நான் எலக்ட்ரீஷியன், எங்களுக்கு ஒரே வேன். இடது பக்கம் அவருடைய குழாய்கள், வலது பக்கம் என்னுடைய ஒயர்கள். நடுவில் யார் எல்லை தாண்டினார்கள் என்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை உண்டு. இந்தப் பூனை காலையில் நாங்கள் சாமான் ஏற்றும்போது வந்து, ஒவ்வொரு பெட்டியையும் முகர்ந்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தலையை விட்டுப் பார்த்து, ஒரு வேலையும் செய்யாமல், எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்ற முகத்தோடு கடைசி நிமிடத்தில் இறங்கிப் போகும். நான் பார்த்த கட்டடங்களில் இப்படி இருந்தவர்களை எல்லாம் ஓவர்சியர் என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அது இறங்குவதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்குப் பிற்பகல் முறை என்பதால் வீட்டில் இருந்தாள். தொட்டிக்கு முன்னால் தரையோடு தரையாகப் படுத்து, கெஞ்சி, மிரட்டி, மீன் துண்டைக் காட்டி, ஒருவழியாக அதை வெளியே எடுத்தவள் அவள்தான்.

"யாரு கதவ மூடினது?" என்றாள்.

"நான்தான்," என்றார் மாமா.

வால் நுனிக்குச் சற்று மேலே தோல் கிழிந்து கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. பார்ப்பதற்குப் பெரிய காயமே இல்லை. அக்கா ஆறிய வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினாள். வலிக்குமே என்று காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தாள். ஓவர்சியர் ஒரு வாய் எடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே துப்பியது. கட்டுத் துணி நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. மாமா வேனுக்குப் போய், குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து வந்து, குழாய்க்குச் சுற்றுகிற அதே லாவகத்தோடு வாலைச் சுற்றிவிட்டார். கடைசியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். அது அவருக்குக் கைப்பழக்கம்.

"இது எவ்வளவு பிரஷர் வந்தாலும் தாங்கும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மாமாவைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கை வைத்த இடத்தில் ஒழுகியதாக யாரும் சொன்னது கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் அவர் முகம் வெளிச்சமாகிவிடும், ஈரம் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இந்த ஒரு குணம்தான் அடுத்த இரண்டு நாளும் எங்களை மோசம் செய்தது.

மறுநாள் ஓவர்சியர் துணி அலமாரிக்கு அடியிலேயே கிடந்தது. கொஞ்சம் தின்றது, கொஞ்சம் தண்ணீர் குடித்தது. வாலைத் தூக்கவே இல்லை. மாமா வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அது ஒன்றுக்குப் போகிற மணல் தட்டைத்தான் பார்த்தார். கையால் அளைந்துகூடப் பார்த்தார்.

"ஒரு சொட்டுகூட இல்ல. காஞ்சு கிடக்கு," என்று நிம்மதியாகச் சொன்னார். "அடிபட்ட பூனை வீடெல்லாம் நாறடிக்கும்னு சொன்னாங்க. பாரு, எவ்வளவு டீசண்டா இருக்கு."

அக்காவும் தலையாட்டினாள். நானும்தான் தலையாட்டினேன். அடுத்த நாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அது மணல் தட்டில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. எழுந்து, மணலைக் கிளறி, திரும்ப உட்கார்ந்தது. நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறை உட்கார்ந்தபோது மெல்ல முனகியது. தட்டு அப்போதும் காய்ந்துதான் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வயிற்றில் கை வைத்ததும் அது பல்லைக் காட்டிச் சீறியது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்காவிடம் அது சீறியதே இல்லை.

கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர், பேசினால் சுருக்கென்று பேசுகிறவர். மேசைமேல் பூனையை வைத்ததும் அவர் முதலில் பார்த்தது டேப்பைத்தான்.

"இத யாரு சுத்தினது?"

"நான்தாங்க," என்றார் மாமா.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பிளம்பர்."

"தெரியுது," என்று சொல்லி, கத்தரியால் டேப்பை வெட்டினார். வால் நுனியை இடுக்கியால் கிள்ளினார். ஓவர்சியர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் மேலே கிள்ளினார், இன்னும் மேலே கிள்ளினார். அது யாருடைய வாலோ என்பதுபோல அசையாமல் இருந்தது. "வலிக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டதற்கு அக்கா தயங்கித் தயங்கி மாத்திரைக் கதையைச் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மனுஷங்க காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம். அது துப்பினதால இப்ப என் முன்னாடி உக்காந்திருக்கு." அக்கா முகம் வெளுத்துப்போனது. தினமும் அந்த மாத்திரையைக் கை நிறைய எடுத்துக் கொடுக்கிறவள் அவள்.

"ஒண்ணுக்குப் போச்சா?"

மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெருமையை எடுத்துச் சொல்ல இடம் கிடைத்த மாதிரி, "ஒரு சொட்டுகூட இல்லீங்க மேடம். அடிபட்டதுல இருந்து தட்டு காஞ்சே கிடக்கு," என்றார்.

டாக்டரின் கை நின்றது. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, பூனையின் பின்கால்களுக்கு முன்னால், அடிவயிற்றில் விரல்களைக் கொடுத்துப் பிடித்தார். "எலுமிச்சம்பழம் அளவுல இருந்தாலே நெறஞ்சிருக்குன்னு அர்த்தம். இது ஆரஞ்சு," என்றார். பிறகு மெதுவாக அழுத்தினார். கீழே வைத்த தட்டில் விழுந்த சிறுநீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை தண்ணீர் எப்படி இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. மாமா அதைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் காஞ்சு கிடக்குன்னு சந்தோஷப்பட்டேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"அடைப்பா மேடம்?" என்று மாமா திரும்பிக் கேட்டார்.

"அடைப்பு இல்ல. வாலுக்குப் போற நரம்பும் மூத்திரப்பைக்குப் போற நரம்பும் முதுகெலும்போட அடியில பக்கத்துப் பக்கத்துலதான் கெளம்புது. வால் மாட்டினப்போ அது இழுத்துக்கிட்டு ஓடியிருக்கு. எல்லாம் சேந்து இழுபட்டிருச்சு. பை நெறையுது, தொறன்னு சொல்ல ஆள் இல்ல."

"அப்ப குழாய்ல குத்தமில்ல மாமா. ஒயர் போயிருக்கு," என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"எலக்ட்ரீஷியன்."

"ஒரு கொத்தனாரும் இருந்தா வீடே கட்டிடலாம்," என்றார். ஆனால் நான் சொன்னதை மறுக்கவில்லை.

பிறகு அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவே இல்லை. வால் செத்துவிட்டது, எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தொங்கித் தொங்கி மிச்ச நரம்பையும் இழுக்கும், புண்ணும் வரும். ஆனால் வால் சின்ன விஷயம், வால் இல்லாமல் பூனை ராஜா மாதிரி வாழும். கேள்வி சிறுநீர்தான். நரம்பு தானாக ஒட்டினால் ஒட்டும். சில நாளிலும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு மூன்று வேளை நாங்கள்தான் கையால் அமுக்கி எடுக்க வேண்டும்.

"சொட்டுச் சொட்டா ஒழுகினா ஏமாந்துடாதீங்க. அது பை நெறஞ்சு வழியுறது. அதுவா உக்காந்து மொத்தமாப் போகணும். போனப்புறம் வயித்தத் தொட்டா காலியா இருக்கணும். அப்பதான் நம்பலாம்."

"ஒரு மாசத்துக்கு மேலயும் வரலன்னா?" என்று மாமா கேட்டார்.

டாக்டர் ஓவர்சியரின் காதைத் தடவிக்கொடுத்தார். "அப்ப வேற மாதிரி பேசணும். அத இப்பவே எதுக்குக் கேக்குறீங்க?"

வாலை எடுத்து, தையல் போட்டு, நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலையும் மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த ஓவர்சியர் கைப்பிடி உடைந்த குவளை மாதிரி இருந்தது. நடக்கும்போது அடிக்கடி பக்கவாட்டில் சாய்ந்து, புனல் சுவரில் மோதி, சுவரை முறைத்தது. எங்களையும் முறைத்தது, முக்கியமாக மாமாவை.

அமுக்குகிற வேலைக்கு வருவோம். துருப்பிடித்து இறுகிப்போன இணைப்பை மாமா வெறுங்கையால் திருகிக் கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையால் ஒரு பூனையின் வயிற்றை அழுத்த அவரால் முடியவில்லை. முதல் நாள் அவர் தொட்டார், அவ்வளவுதான். அமுக்கவே இல்லை. "உடைஞ்சிடும் மாப்ள," என்றார். நான் முயன்றேன். புனல் கழுத்தோடு திரும்ப முடியாத பூனை எப்படியோ திரும்பி என் மணிக்கட்டைக் கடித்தது. அக்கா கைக்கு அது அகப்படவே இல்லை, வயிற்றுக்குள் எங்கோ வழுக்கிக்கொண்டு போனது. அன்று மாலை திரும்ப டாக்டரிடம்தான் ஓடினோம். அவர் மாமாவின் கைமேல் தன் கையை வைத்து அமுக்கிக் காட்டினார்.

"இறுக்காதீங்க. ஒரு அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே நிறுத்தி வையுங்க. அது வந்துகிட்டே இருக்கும்போது விட்டுடாதீங்க," என்றார்.

மாமா அன்றிரவு தூங்குவதற்கு முன் ஒரு பலூனில் தண்ணீர் நிரப்பி, தன் கம்பளித் தொப்பிக்குள் போட்டு, பலூன் வாயை லேசாக முடிந்து, துணி தேய்க்கும் மேசையில் வைத்து அமுக்கிப் பழகினார். முதல் பலூன் அக்காவின் மேல் வெடித்தது. இரண்டாவது என் மேல். அக்கா துணியைப் பிழிந்துகொண்டே, "இந்த வீட்டுல மத்த எல்லாரும் நனைஞ்சாச்சு, அது ஒண்ணுதான் பாக்கி," என்றாள். மூன்றாவது பலூன் உடையவில்லை. ஒரே சீராக, நூல் பிடித்த மாதிரி, தண்ணீர் தொப்பியிலிருந்து வழிந்தது. மாமா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த காலை நான் பூனையின் தோளைப் பிடித்துக்கொள்ள, அவர் விரல்களைக் கொடுத்துத் தேடினார். கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கு," என்றார். பிறகு நிறுத்தி வைத்தார். "வா கண்ணு. வா. தொற." வந்தது. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முடிந்ததும் அவர் பூனையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அதன் புனலுக்குள் தலையை விட்டு நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டார். ஓவர்சியர் அறைவதற்குக் கையை ஓங்கி, என்ன நினைத்ததோ, கீழே போட்டுவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தொழில் பூனையின் வயிற்றைச் சுற்றித்தான் நடந்தது. காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நடுவேளைக்கு மாமா எந்த வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும் தண்ணீரை மூடிவிட்டு, "ஒரு சின்ன வேலை இருக்கு," என்று கிளம்பிவிடுவார். சின்ன வேலை என்ன என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்துபோனது. ஒரு வீட்டுக்கார அம்மா, "எங்க வீட்டுக் குழாய் அப்புறம் வரட்டும், முதல்ல பூனைக்கு வர வையுங்க," என்று அனுப்பினார். ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "ஒரு பூனைக்காகவா?" என்று கேட்டார். மாமா ஸ்பானரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, "ஆமா," என்றார். அந்த ஆளுக்கு அதன் பிறகு வேறு பிளம்பர்தான். அந்த நாட்களில் மாமா எந்தக் கதவைச் சாத்தும்போதும், குளியலறைக் கதவாக இருந்தாலும், "கதவு, கதவு," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் சாத்துவார். நான் கேலி செய்யவில்லை.

தையல் பிரித்தார்கள். புனலைக் கழற்றினார்கள். வால் இருந்த இடத்தில் முடி வளர்ந்து ஒரு குட்டிப் பந்து மாதிரி ஆனது. ஓவர்சியர் சாய்வதை நிறுத்திவிட்டு நேராக நடக்கப் பழகியது. தின்றது, தூங்கியது, ஜன்னலில் ஏறப் பார்த்தது. எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. ஒருமுறை சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து, இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தது. மருந்தில் தேறியது. ஆனால் அந்த இரண்டு நாளில் மாமா பாதியாகிவிட்டார்.

"டாக்டர் சொன்ன மாசம் முடியப்போகுது," என்றாள் அக்கா ஒரு மாலை, மேசையைத் துடைத்துக்கொண்டே.

"முடியட்டும். எனக்கு ரெண்டு கை இருக்கு. வாழ்நாள் முழுக்க அமுக்குவேன்."

"உங்களுக்குக் கை இருக்குங்க. அதுக்கு எப்படி இருக்குன்னு யோசிச்சீங்களா? தினம் மூணு தடவ பிடிச்சு வச்சு அமுக்கினா. திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தா."

அக்கா அழுதுவிட்டாள். ஓவர்சியர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பதுபோல் மேசையிலிருந்து குதித்துப் போனது. அந்த வார முடிவில் டாக்டரிடம் போவது என்று முடிவானது. ஊசி போட்டு அதைத் தூங்க வைக்கத்தான் போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் புதுக் கட்டடத்தில் பிரஷர் டெஸ்ட். நான்கு மாடி, மாடிக்கு எட்டுக் குளியலறை. மாமா தன் வாழ்க்கையில் எடுத்த பெரிய வேலை அது. எல்லாக் குழாய் வாயையும் அடைத்து, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முள்ளை மட்டும் மாமா நம்புவதில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வைப்பது அவர் பழக்கம். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். காலையிலிருந்து நாங்கள் மாடி மாடியாகத் தாள் விரித்தோம். மதியம் வீட்டுக்கு ஓடி வர முடியாது என்பதால் ஓவர்சியரையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, மூன்றாம் மாடியில் ஒரு வெற்று அறையில் விட்டு, கதவு போடாத வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தோம்.

சைட் இன்ஜினியர் ஒரு பயந்த மனிதர். வெள்ளைத் தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டார், ஒரு கையில் எப்போதும் டார்ச். மீட்டர் முள் வைத்த இடத்திலேயே நின்றது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மாடி மாடியாகப் போய்த் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"இங்க வாங்க," என்று மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிட்டார். "லீக் இருக்கு."

மாமா டீயைக் கீழே வைத்தார். படிகளில் அவர் பின்னால் ஓடும்போது மீட்டரைத் திரும்பிப் பார்த்தேன். முள் அசையவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மூலைக் குளியலறையில், கைகழுவும் தொட்டிக்கான இணைப்புக்குக் கீழே விரித்திருந்த தாள் நனைந்திருந்தது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, நடுவில் பெரிய வட்டமாக, எழுத்தெல்லாம் ஊறிப்போய். இன்ஜினியர் டார்ச்சை அதன் மேலேயே பிடித்துக்கொண்டு, "பாருங்க. ஓனர் நாளைக்கு வர்றாரு," என்றார்.

மாமா முழங்காலில் உட்கார்ந்தார். இணைப்பை விரலால் சுற்றித் தடவினார். விரல் காய்ந்திருந்தது. மறுபடி தடவினார். மேலே பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு தாளைத் தொட்டு, விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

அவர் முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வது? பயம் முதலில் போனது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அவர் தாளையே எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து ஆழமாக முகர்ந்தார். இன்ஜினியர் ஒரு அடி பின்வாங்கினார்.

"மாப்ள," என்றார் மாமா, குரல் வெளியே வராமல். "பலகையப் பாரு."

நான் ஓடினேன். பலகை சாய்த்தபடியேதான் இருந்தது. உள்ளே கூடை மட்டும் இருந்தது. பூனை இல்லை. இரண்டு அறை தள்ளி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கழிவுக் குழாய்க்குள் தலையை விட்டு ஓவர்சியர் எதையோ சோதித்துக்கொண்டிருந்தது. அடிபட்ட நாளுக்குப் பிறகு அது எந்தக் குழாய்க்குள்ளும் தலையை விட்டதில்லை. அதை அப்படியே வாரிக்கொண்டு வந்தேன்.

மாமா அதை வாங்கவில்லை. பயந்தார். "வழிஞ்சிருக்கும்," என்றார். "நெறஞ்சு வழிஞ்சிருக்கும். மதியத்துக்கு அமுக்க நேரமாயிடுச்சே. டாக்டர் சொன்னாங்களே, ஏமாந்துடாதீங்கன்னு."

"தொட்டுப் பாருங்க மாமா."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, என் கையிலிருந்த பூனையின் வயிற்றில் விரல்களைக் கொடுத்தார். தேடினார். முன்னால் தேடினார், பின்னால் தேடினார். அவ்வளவு நேரம் அவர் என்றுமே தேடியதில்லை.

"இல்ல," என்றார்.

"என்ன இல்ல?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"எலுமிச்சம்பழம் இல்ல சார்." மாமா என் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தார். மெத்தென்று, வெறும் பூனையாக இருந்தது. "காலி. மொத்தமும் காலி. மாப்ள, கரண்ட் வந்துடுச்சுடா."

சொல்லிவிட்டு அவர் அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். கூச்சமே இல்லாமல், வாய்விட்டு, நனைந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஒரு ஈரத்தைக் கண்டு அந்த மனிதர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். இன்ஜினியர் டார்ச்சை அணைத்துவிட்டு எங்கள் இருவரையும் பூனையையும் பார்த்தார்.

"அப்ப லீக் இல்லையா?" என்றார்.

"என் குழாய்ல இல்ல சார்," என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்காவுக்குப் போன் போட்டோம். மருந்துக்கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் யார் யாரோ பேசினார்கள். மாமா விஷயத்தைச் சொன்னார். "எவ்வளவு?" என்று கேட்டாள். "ஒரு பக்கம் முழுக்க. விளம்பரமெல்லாம் நனைஞ்சிருக்கு," என்றார் மாமா. அவள் கல்லாவில் நின்றபடியே, யாரிடமோ, "எங்க பூனை ஒண்ணுக்குப் போயிடுச்சுங்க," என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. அதைக் கேட்டு மருந்து வாங்க வந்தவர் என்ன நினைத்தாரோ.

டாக்டர் மட்டும் உடனே மகிழ்ந்துவிடவில்லை. "ஒரு தடவைய வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். அமுக்காம விடுங்க. வயித்தத் தொட்டுக்கிட்டே இருங்க. இன்னொரு தடவ உங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார். போனை வைப்பதற்கு முன், "அந்தப் பேப்பரத் தூக்கிப் போட்டுடுங்க, நாறும்," என்றும் சொன்னார். அவர் குரல் சிரித்தது.

பிற்பகல் முழுக்கக் காத்திருந்தோம். ஓவர்சியர் ஒரு கிண்ணம் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மாமா தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நெல்லிக்காய்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பெரிய நெல்லிக்காய்." விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. டைல்ஸ் போடுகிறவர் வந்து எட்டிப் பார்த்தார். பெயிண்டர் ஏணியோடு வந்து வாசலில் நின்றார். இன்ஜினியர் டெஸ்ட் சரி என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. "எலுமிச்சம்பழம்," என்று மாமா சொன்னபோது பெயிண்டர் ஏணியைச் சுவரில் சாத்தி வைத்தார்.

ஓவர்சியர் எழுந்தது. முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் நடந்து, மூலைக் குளியலறைக்குள் நுழைந்தது. அங்கே புதிதாக விரித்த தாளை முன்காலால் இரண்டு முறை பிறாண்டியது. சுற்றி வந்தது. இன்ஜினியர் தலைக்கவசத்தைக் கழற்றினார். கீழ் மாடியில் ஓடிக்கொண்டிருந்த டைல்ஸ் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரோ ஓடினார்கள், சத்தம் நின்றது. நான்கு மாடிக் கட்டடத்தில் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அசையவில்லை.

பூனை உட்கார்ந்தது. பின்னால் அந்தக் குட்டிப் பந்து மேலே தூக்கிக்கொண்டது. பிறகு தாளின்மேல் அந்தச் சத்தம் தொடங்கியது, தொடங்கியது நிற்காமல் சீராக வந்துகொண்டே இருந்தது. என் பக்கத்தில் மாமா இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேரே ஏந்தி, விரல்களை மெல்ல வளைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்தக் கைகளில் எதுவும் இல்லை.